இருபத்திரண்டு சென்ட் பாதை

உவர்ப்பாக்கம் பேரூராட்சி அலுவலகத்தில் 'கணக்குப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தது ஹெலன் ஒருத்திதான். பதவி இளநிலை உதவியாளர். அவள் வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில் கணக்கு எழுதும் முறை மூன்று தடவை மாறியிருந்தது. நோட்டில் எழுதியதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அந்த மென்பொருள் கைக்குப் பழகியதும் அதைத் தூக்கிவிட்டு இன்னொன்றைக் கொடுத்தார்கள். இப்போது புதிதாக ஒரு கையேடு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இனிமேல் இப்படித்தான், பழைய படிவங்கள் செல்லாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

அதைச் சொல்லிக்கொடுக்க செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் புரொஜக்டர் எரியவில்லை. இரண்டாம் நாள் எரிந்தது, ஆனால் பாடம் எடுக்க வந்தவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார். ஹெலன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையேட்டைத் தானே படித்தாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. பேரூராட்சிக்குச் சொந்தமான ஒவ்வொரு சொத்தையும் நேரில் போய்ப் பார்த்து, புல எண்ணோடு பட்டியல் போட வேண்டும். எந்த விலைக்கு வந்தது என்றே தெரியாத பழைய நிலமாக இருந்தால், மதிப்பு ஒரு ரூபாய் என்று எழுதியாவது சேர்க்க வேண்டும். பட்டியல் சரியில்லை என்று தணிக்கையில் வந்தால் அடுத்த வருட மானியம் நிற்கும்.

செயல் அலுவலர் வசுமதி அதைக் கேட்டுவிட்டுக் கையை வீசினாள்.

"நேர்ல எல்லாம் எங்கயும் போக வேணாம். பழைய லிஸ்ட்ட எடு, தேதிய மாத்து, அனுப்பு."

"நேர்ல பாத்தேன்னு நான்தான் மேடம் கையெழுத்துப் போடணும்."

"போடு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"தணிக்கைக்கு இந்தத் தடவையும் வேதாந்தம் சார்தான்."

வசுமதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வேதாந்தம் போன வருடம் வந்து, கணக்கில் குறை கண்டு நாற்பத்தொரு தணிக்கைத் தடை எழுதிவிட்டுப் போனவர். கூட்டத்துக்கு வாங்கிய பிஸ்கட்டுக்கு ரசீது எங்கே என்று கேட்டு அதற்கும் ஒரு தடை. வசுமதிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒரு தடை பாக்கி இருந்தாலும் பென்ஷனை இழுத்தடிப்பார்கள்.

"சரி, போய்த் தொலை," என்றாள். "ஆனா ஆபீஸ் வேல நின்னுது, மெமோதான்."

பத்து நாள் ஹெலன் ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றினாள். பட்டியலில் இருந்த ஒரு மோட்டார் பம்பு 2011லேயே திருடு போயிருந்தது. போலீசில் புகார் கொடுத்த ரசீதுகூட இருந்தது, ஆனால் பம்பு இன்னும் பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தது. மீன் காயவைக்கும் சிமெண்ட் களம் ஒன்றைக் கடல் கொண்டு போய்விட்டிருந்தது. இதையெல்லாம் குறித்துக்கொண்டு, நிலங்களைச் சரிபார்க்க வருவாய்த்துறையின் பழைய நிலப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். அதில்தான் அந்த வரி இருந்தது.

புல எண் 214/3. மயானப் பாதை. இருபத்திரண்டு சென்ட். பேரூராட்சிக்கு உரியது.

பேரூராட்சிப் பட்டியலில் மயானம் மட்டும் இருந்தது. பாதை இல்லை. எந்த வருடத்திலும் இருந்ததில்லை.

அது மேட்டுக் காலனியின் மயானம். ஹெலன் பிறந்து வளர்ந்த காலனி. அவளுடைய அப்பா சின்னராசு மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டும் அறுத்தும் இவளைப் படிக்க வைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதத்தில் இறந்தார். காலனியிலிருந்து மயானத்துக்கு நேர் வழி ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அந்த இடத்தில் 'ப்ளூ சாண்ட்' என்ற ரிசார்ட்டின் கார் நிறுத்துமிடமும் பெரிய இரும்புக் கேட்டும் இருந்தன. எனவே பிணத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து, பஸ்ஸும் லாரியும் போகும் ஓரத்திலேயே நடந்து, பிறகு உப்பங்கழியில் இறங்கிப் போக வேண்டும். அப்பாவைத் தூக்கிப்போன அன்றைக்குத் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவன் சறுக்கினான். மூடாத சவப்பெட்டி சாய்ந்து சின்னராசுவின் தலை தண்ணீரில் நனைந்தது. கரையில் நின்றிருந்த ஹெலனுக்கு அது தெரிந்தது. அந்த நேர் வழி ரிசார்ட்டுக்கே சொந்தமாகிவிட்டது என்றுதான் பதிவேட்டில் இந்த வரியைப் பார்க்கும்வரை நினைத்திருந்தாள்.

பதிவேட்டு நகலுக்குப் பணம் கட்டி, முத்திரையோடு வாங்கிக்கொண்டாள். புதிய பட்டியலில் எழுபத்து மூன்றாவது வரியாக அதைச் சேர்த்தாள். மதிப்பு ஒரு ரூபாய்.

சண்டை வீட்டில்தான் முதலில் வெடித்தது. அவளுடைய கணவன் ஜெரோம் அந்த ரிசார்ட்டில் வேன் ஓட்டினான். விருந்தாளிகளை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவருவதும் மாமல்லபுரம் காட்டிவிட்டு வருவதும் அவன் வேலை.

"இன்னா பண்ணிகினு கீற நீ?" என்றான். "ஆபீஸ்ல குந்திகினு என் சோத்துல மண்ண போடறியா?"

"நான் உன் சோத்துல ஒண்ணியும் போடல. இருக்கறத எழுதறேன்."

"இத்தினி வருசம் எவனாச்சும் எழுதினானா? நீ மட்டும் இன்னாத்துக்கு?"

"இத்தினி வருசம் எழுதச் சொல்லல. இப்ப சொல்லிகீறாங்க."

"மேனேஜர் காதுக்குப் போச்சுன்னு வெச்சுக்கோ, என்னிய வூட்டுக்கு அனுப்பிடுவான். வண்டி டியூ கட்டுறது யாரு, உன் கையேடா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் ஹெலனுக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. "எங்க நைனா தல தண்ணில முங்கிச்சே, அன்னிக்கு நீயும்தானே தூக்கினு வந்த?" என்று கேட்டாள். ஜெரோம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு வேண்டியதற்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் வசுமதி பட்டியலைப் புரட்டி எழுபத்து மூன்றாவது வரியில் நிறுத்தினாள். முகம் மாறியது. கதவைச் சாத்தச் சொன்னாள்.

"இது உன் சொந்த விவகாரம்."

"பதிவேட்டுல இருக்கு மேடம். நகல் வெச்சிருக்கேன்."

"அந்த ரிசார்ட்டுக்குக் கட்டட அனுமதி குடுத்தது இந்த ஆபீஸ். எனக்கு முன்னாடி இருந்தவர் குடுத்தாரு. இப்ப நம்ம நெலம்னு நாமளே எழுதினா, அனுமதி குடுத்தது தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா ஆவும். புரியுதா?"

"புரியுது மேடம்."

"புரிஞ்சா எடுத்துடு."

"நான் பாத்துட்டேன். பாத்ததை இல்லன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

வசுமதி பச்சை மைப் பேனாவை எடுத்தாள். எழுபத்து மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'நீக்கவும்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தாள். "இத டைப் பண்ணி சாயங்காலம் கொண்டா," என்றாள். மாலையில் ஹெலன் கொண்டுபோகவில்லை. மறுநாள் காலை வசுமதி தன் கடவுச்சொல்லைப் போட்டுத் தானே அந்த வரியை நீக்கி அச்செடுத்து, ஹெலன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்த கடைசிப் பக்கத்தோடு சேர்த்துவைத்தாள். ஹெலனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது: மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.

பச்சை மை பட்ட பக்கம் மட்டும் ஹெலன் மேசையிலேயே கிடந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் இரண்டாம் வாரம் வேதாந்தம் வந்தார். திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருவார். குடை, தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எல்லாம் அவரே கொண்டுவருவார். அலுவலக டீயைத் தொடமாட்டார். தணிக்கைக்குப் போகும் இடத்தில் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது விதி என்று சிலர் சொன்னார்கள். விதியாக இருக்கலாம். ஆனால் தான் நீட்டிய தம்ளரை அவர் பார்க்காமலேயே ஒதுக்கியதை ஹெலன் விதி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் பதினொரு மணிக்கு அவளைக் கூப்பிட்டார்.

"தேய்மானம் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"நீங்க கருணை அடிப்படையில வேலைக்கு வந்தவங்களா?"

"இல்ல சார். பரீட்சை எழுதி வந்தேன்."

"பரீட்சையில பெருக்கல் கேக்கலையா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். ஹெலன் பதில் சொல்ல வாய் திறந்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார். "இருநூத்து எண்பத்தாறு தெருவிளக்குக் கம்பம். இரும்புக் கம்பம் வருஷத்துக்கு எவ்வளவு தேயும்னு கணக்குல கழிக்கணும். நீங்க கையேட்டுல இருக்கற பழைய விகிதத்தப் போட்டிருக்கீங்க. கடல்லேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தா உப்புக் காத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும்னு, விகிதத்த ரெண்டு மடங்காக்கி போன நவம்பர்லயே சுற்றறிக்கை வந்தாச்சு. படிக்கலையா?"

அவள் அப்படி ஒரு சுற்றறிக்கையைப் பார்த்ததே இல்லை. திரும்பி வசுமதியைப் பார்த்தாள். வசுமதி ஃபைலுக்குள் குனிந்திருந்தாள்.

"எனக்கு வரல சார்."

"வரலன்றது பதிலில்ல. தணிக்கைக்கு வர்றதுக்குள்ள தெரிஞ்சுக்கறது உங்க வேலை." சிவப்பு மையில் எழுதினார். முதல் தடை அவள் பெயரிலேயே விழுந்தது.

மூன்று நாள் இப்படியே போனது. அவர் கேட்டார், அவள் எடுத்துக் கொடுத்தாள், அவர் எழுதினார். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சத்தம் போடுகிறவனிடம் சத்தம் போடலாம். இவர் ஒவ்வொரு தவறையும் நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் காட்டுவதுபோல் பேசினார். மூன்றாம் நாள் மதியம் ஹெலன் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைக் கழுவினாள். அழுததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

நான்காம் நாள் சொத்துகளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வசுமதி ஜீப்பில் ஏறச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வேறு வழியில்லாமல் வசுமதியும் நடந்தாள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஹெலன் பின்னால் போனாள். தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட் கடைகள், பஸ் நிறுத்தக் கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மேட்டுக் காலனி மயானம். நெடுஞ்சாலை ஓரமாக நடந்து உப்பங்கழிக்கு வந்தபோது அவருடைய செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறினார்.

"பிணத்த எந்த வழியா கொண்டு வராங்க?"

"இதே வழிதான் சார்," என்றாள் வசுமதி.

"இது வழியா?"

"மழைக்காலத்துல மட்டுந்தான் சார் கொஞ்சம் சேறு..."

"இது ஜூன் மாசம்." வேதாந்தம் பட்டியலைத் திறந்தார். "நிலம்னா எல்லை, அணுகுவழி ரெண்டும் எழுதணும். புதுக் கையேடு, பக்கம் நாப்பத்தொம்பது. இங்க அணுகுவழின்ற கட்டம் காலியா இருக்கு." திரும்பி ஹெலனைப் பார்த்தார். "நீங்க இந்த ஊரா?"

"மேட்டுக் காலனி சார்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். வழி எது?"

அவர்கள் நின்ற இடத்திலிருந்து ரிசார்ட்டின் பின் கேட் நூறடிகூட இல்லை. கேட்டுக்குள் வெள்ளை வேன் நின்றது. சீருடையோடு ஜெரோம் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தான். பிறகு ஹெலனை மட்டும் பார்த்தான். தலையை மெல்ல, வேண்டாம் என்பதுபோல் அசைத்தான்.

வசுமதி தொண்டையைச் செருமினாள்.

"அதோ, அந்தக் கேட்டுக்குப் பின்னால சார்," என்றாள் ஹெலன். "214/3. இருபத்திரண்டு சென்ட். காலனியிலேருந்து நேரா இங்க வருது."

வேதாந்தம் கேட்டை நோக்கி நடந்தார். காவலாளி தடுத்தான். இரண்டு நிமிடத்தில் மேனேஜர் வந்தான். பேரூராட்சி ஆட்கள் என்று தெரிந்ததும் சிரித்தான், நிழலில் உட்காரச் சொன்னான், இளநீர் வெட்டச் சொன்னான்.

"வேண்டாம்," என்றார் வேதாந்தம். "இந்தக் கார் நிக்கற நிலத்துக்குப் பத்திரம் இருக்கா?"

"எல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார்."

"நகல் வரட்டும்." சேறு காய்ந்த காலோடு கார்களுக்கு நடுவே நடந்து, தூரத்தை அடி அடியாக அளந்து எழுதிக்கொண்டார். மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. யாருக்கோ போன் போட்டுக்கொண்டே ஜெரோமைப் பார்த்தான். பிறகு ஹெலனைப் பார்த்தான். உவர்ப்பாக்கம் சின்ன ஊர். யாருக்கு யார் என்ன உறவு என்பது எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி வந்த வேதாந்தம், ஹெலன் கொண்டுவந்திருந்த வருவாய்த்துறைப் பதிவேட்டு நகலைப் பார்த்துவிட்டு வசுமதியிடம் கேட்டார். "பதிவேட்டுல இருக்கற நிலம் உங்க பட்டியல்ல ஏன் இல்ல?"

"கிளார்க் விட்டுட்டாங்க சார்," என்றாள் வசுமதி. சொல்லும்போது ஹெலனைப் பார்க்கவில்லை. "பட்டியல் அவங்கதான் தயார் பண்ணது. கையெழுத்தும் அவங்களோடது."

இதை ஹெலன் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறாள். ஆனால் தான் செய்த ஒரே சரியான வேலையைத் தன் குற்றமாகவே திருப்பிவிடுவார்கள் என்று நினைக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். ஜிப் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. மடித்து வைத்திருந்த பக்கத்தை எடுத்து நீட்டினாள்.

வேதாந்தம் பச்சை மைக் கோட்டையும் சுருக்கொப்பத்தையும் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இத முதல் நாளே ஏன் குடுக்கல?"

"நீங்க வாயத் தொறக்க விடல சார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னீங்க. பாதையப் பத்தி நீங்க கேக்கல."

வேதாந்தம் ஹெலனைப் பார்த்தார். பாராட்டோ கோபமோ அந்த முகத்தில் தெரியவில்லை.

"மூணு நாள் வீணாப் போச்சு," என்றார். பக்கத்தைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். "இதனால உங்க தேய்மானக் கணக்கு சரியாயிடாது. அந்தத் தடை அப்படியே இருக்கும்."

அன்று மாலையே ஜெரோமிடம் சீருடையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் பனியனோடு வீட்டுக்கு வந்தான். ஹெலனின் அம்மா சந்திரம்மா அப்போது வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சந்தோசமா?" என்று கேட்டான் ஹெலனிடம். "பாத வந்துச்சா? போ, போய் நட."

"ஜெரோம்..."

"பேசாத. நான் தலைய ஆட்டினது உனுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சே சொன்ன."

சந்திரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா வெலைக்குடி எழுதின அந்தப் பாதைய?" என்று கேட்டாள்.

"ஒரு ரூபா."

"ஒரு ரூபாவா?" சந்திரம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. "அவன் அங்க காரு வுடறான், ஒரு நாளிக்கி அவன் எவ்ளோ சம்பாதிக்கிறான்! நீ ஒரு ரூபான்னு எழுதி அதுக்கு இவன் வேலயும் போச்சா? இத எழுதத்தான் உன்ன படிக்க வெச்சாரா உங்க நைனா?"

"விதி அப்படிம்மா. வெல தெரியாத நெலத்துக்கு..."

"போடி, நீயும் உன் விதியும்."

ஜெரோம் ஒன்றரை மாதம் வேலை இல்லாமல் இருந்தான். பிறகு அணுபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான். சம்பளம் நாலாயிரம் குறைவு. வண்டித் தவணைக்கு ஹெலன் தன் வளையலை அடகு வைத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனும் தெரிந்துகொண்டு கேட்கவில்லை.

தணிக்கை அறிக்கையில் 214/3 ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. பட்டியலில் உடனே சேர்க்க வேண்டும், நீக்கச் சொன்னவரிடம் விளக்கம் பெற வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்றிவிட்டுத் தெரிவிக்க வேண்டும். மானியம் நிற்கும் என்ற பயத்தில் கவுன்சிலர்கள் முதல் தடவையாக ரிசார்ட்டுக்காகப் பேசாமல் இருந்தார்கள். தாசில்தார் ஆள் அனுப்பினார். நில அளவர் சங்கிலி போட்டு அளந்து கல் நட்டார். ரிசார்ட்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போய் மதில் சுவரை இடிக்கத் தடை வாங்கினார்கள். கேட்டுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் தடை கிடைக்கவில்லை. செப்டம்பரில் கேட்டைப் பெயர்த்து எடுத்தார்கள். பதினோரு அடி அகலத்துக்குப் பாதை கிடைத்தது. மிச்சம் இன்னும் சுவருக்குள் இருக்கிறது.

வசுமதி உடம்பு சரியில்லை என்று சொல்லி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். போகிற நாளில் ஹெலன் மேசைப் பக்கம் வந்து, "என் பென்ஷன கெடுத்துட்ட இல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஹெலன் எழுந்து நின்றாள். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்டோபர் முதல் மழையில் காலனியில் டெய்லர் பெஞ்சமின் இறந்துபோனார். தூக்க ஆள் தேவைப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஜெரோம் வீட்டில் இருந்தான். எதுவும் சொல்லாமல் துண்டைக் கட்டிக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து வாசலில் கால் கழுவினான். ஹெலன் சொம்பை எடுத்துக் கொடுத்தாள்.

"இவ்ளோ சீக்கிரமாவா?" என்று கேட்டாள்.

"நேரா போயிட்டோம்," என்றான். காலைத் துடைத்துக்கொண்டே, "யாரும் எறங்கல தண்ணில," என்றான். அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் இரவுச் சாப்பாட்டை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

இதற்கிடையே ஹெலன் பெயரில் விழுந்த தடைக்கு விலை வந்தது. விளக்குக் கம்பங்களின் தேய்மானத்தைத் தவறாகப் போட்டதற்காக ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தி உத்தரவு வந்தது. அவள் அந்த நவம்பர் சுற்றறிக்கையைத் தேடினாள். வசுமதி விட்டுப்போன அறையின் கீழ் டிராயரில், உறைகூடப் பிரிக்காமல் அது கிடந்தது. இரண்டு பக்கம். ஹெலன் வரி வரியாகப் படித்தாள். பிறகு இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியை மறுபடி படித்தாள். மறுபடியும் படித்தாள். கதவு பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள்.

டிசம்பரில் செங்கல்பட்டில் தடைகளைப் பேசித் தீர்க்கும் கூட்டு அமர்வு நடந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் தணிக்கையாளர்கள், மறுபக்கம் பேரூராட்சிக்காரர்கள். புதிய செயல் அலுவலர் வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்ததால் எல்லாப் பதிலையும் ஹெலனே சொல்ல வேண்டியிருந்தது. எதிரே வேதாந்தம் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"தடை எண் ஒண்ணு," என்றார். "தெருவிளக்குக் கம்பம். இருநூத்து எண்பத்தாறு. தேய்மானம் குறைவு. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கல சார்."

வேதாந்தம் நிமிர்ந்து பார்த்தார்.

"சுற்றறிக்கை படிச்சீங்களா இப்பவாவது?"

"படிச்சேன் சார். நீங்க ரெண்டாவது பக்கம் படிச்சீங்களா?"

புதிய செயல் அலுவலர் மேசைக்கு அடியில் அவள் காலைத் தட்டினார். ஹெலன் நிறுத்தவில்லை. நகலை மேசைமேல் தள்ளினாள்.

"கடைசிப் பத்தி சார். புது விகிதம் இந்த வருஷம் ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் நட்ட கம்பத்துக்கு மட்டும். ஏற்கெனவே நட்டதுக்குப் பழைய விகிதம்தான். எங்க கம்பம் எல்லாமே பழசு. நான் போட்டது சரி. நீங்க போட்ட தடைதான் தப்பு. அதுக்கு என் இன்கிரிமெண்ட்ட நிறுத்தியிருக்காங்க."

வேதாந்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவர், "அம்மா, கொஞ்சம் மரியாதையா..." என்று தொடங்கினார். வேதாந்தம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தார். தன் ஃபைலில் இருந்த சுற்றறிக்கையை எடுத்தார். அதில் ஒரு பக்கம்தான் இருந்தது. அதைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவருடைய காதோரம் சிவந்தது. ஹெலன் அதைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

வேதாந்தம் சிவப்புப் பேனாவை எடுத்து, தான் எழுதிய தடையைத் தானே குறுக்கே அடித்தார். 'தடை தவறு. கைவிடப்பட்டது. ஊதிய உயர்வைத் திரும்ப வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

"தடை எண் ரெண்டு," என்றார். "குடிநீர்க் குழாய் பதிச்சது. அளவுப் புத்தகத்துல அறுபது மீட்டர் குறையுது. இதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

ஹெலன் கையேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குறையல சார். புத்தகத்தக் குடுங்க, காட்டறேன்," என்றாள்.

முப்பத்திரண்டு தடை பாக்கி இருந்தது.